இரு மென்னிறங்கள்

கண்ணைக் கவரும் நிறம் வேறு. கண்ணுக்கு இதமான நிறம் வேறு. நாள்தோறும் பலர் அமர்ந்து படிக்கும் அறைக்கு வேண்டுவது பின்னதே. சாம்பலும் சந்தனமும் அத்தகைய மென்னிறங்கள். ஒருமுறை பூசிய சுவரைப் பல ஆண்டுகள் பார்த்திருக்க வேண்டுமாதலின், இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் எளிய செயலன்று.

கடையில் உள்ள நிற அட்டையை மட்டும் கண்டு முடிவு செய்தல் இயலாது. சுவரின் நிறம் பூச்சினால் மட்டும் அமைவதில்லை. அதன்மேல் படும் ஒளியாலும் அமைகிறது. நேர்வெயில் புகாத அறைக்குள் வானத்தின் நீலம் கலந்த ஒளியே வருகிறது. அவ்வொளியில் சாம்பல் நிறம் நீலம் பாய்ந்து குளிர்ந்து தோன்றும். சந்தனமோ அவ்வறையின் சோர்வைக் குறைக்கும். மாலை வெயில் நேரே பாயும் அறையில் நிலைமை மாறும். அங்கே சந்தனம் மஞ்சள் மிகுந்து கண்ணை உறுத்தக்கூடும். சாம்பல் அமைதி தரும்.

ஒளியைப் போலவே, அருகிலுள்ள நிறமும் தோற்றத்தை மாற்றும். 1824ஆம் ஆண்டில் செவ்ருல் என்னும் வேதியியல் அறிஞர், பாரிசு நகரத்துக் கோப்லேன் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதியின் தலைவரானார். அங்குச் சாயம் தோய்த்த கருநூல், நீல நூலின் அருகே வலுவற்றுத் தோன்றுகிறது என்று குறை கூறினர். அவர் அதனைப் பிற இடங்களின் கருநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. பக்கத்து நிறமே அத்தோற்றத்திற்குக் காரணம் எனக் கண்டார். தம் முடிவுகளை 1839இல் நூலாக வெளியிட்டார். வலிய நிறத்தைவிட மென்னிறத்தில் இம்மாற்றம் எளிதில் புலப்படும். செந்நிறத் திரையின் அருகே சாம்பற் சுவர் சற்றே பசுமை கலந்ததுபோல் தோன்றுவது இதனாலேயே.

எனவே, இரு நிறங்களையும் இரண்டு அகன்ற பலகைகளில் பூசி, நன்கு உலரவிட வேண்டும். ஈரத்தில் கண்ட நிறம் உலர்ந்தபின் இருப்பதில்லை. பின்னர் அவற்றை அவ்வறைச் சுவரில் சாய்த்து வைத்து, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கொளியிலும் நோக்குதல் வேண்டும். இரண்டையும் ஒட்டி வைத்தல் ஆகாது. ஒன்றன் நிறம் மற்றொன்றை மாற்றிக் காட்டும். ஒவ்வொன்றையும் தனியே நோக்குதலே முறை. அறையின் மங்கிய மூலையிலும் இச்சோதனையைச் செய்தல் நன்று. அங்கே எந்நிறம் ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறதோ, அதுவே படிப்பவர் கண்ணுக்குத் துணையாகும்.

சாம்பலும் தாழ்ந்ததன்று, சந்தனமும் தாழ்ந்ததன்று. ஓர் அறைக்குப் பொருந்திய நிறம் மற்றோர் அறைக்குப் பொருந்தாமற் போகலாம். அந்தந்த அறையின் ஒளியறிந்து தேர்வதே அறிவுடைமை.