ஒரே பாயில் இரண்டு வயதுகள்

வீட்டில் இரண்டு வயதில் ஒன்று, எட்டு வயதில் ஒன்று இருந்தால், தூங்கும்முன் யாருக்கு ஏற்ற கதையை வாசிப்பது என்ற குழப்பம் வரும். ஒரே கதை போதும் என்பேன். வடை திருடிய காக்கா கதையையே எடுங்கள். சின்னது படத்தில் விரலை வைத்து ‘கா... கா...’ என்னும், பெரியது, ‘திருடின காக்காவை நரி ஏமாத்தினா தப்பா?’ என்று கேட்கும். புத்தகம் ஒன்றுதான், பேச்சுதான் வயதுக்கேற்ப மாறுகிறது. அந்தப் பேச்சில்தான் பலனே இருக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் வாசித்த பெற்றோரின் குழந்தைகளைவிட, இடையிடையே கேள்வி கேட்டு, பதிலை வளர்த்துப் பேசிய பெற்றோரின் குழந்தைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முந்தினார்கள். அவர்களுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை.

‘சின்னது குறுக்கே பேசும், கதையே நகராது’ என்பார்கள். நகராவிட்டால் என்ன? பக்கம் புரட்டும் வேலையை அதனிடமே விடுங்கள். ‘பெரியவன்தான் தானே படிக்கிறானே’ என்பது இன்னொரு வாதம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில், படித்துப் புரிவதைவிடக் காதால் கேட்டுப் புரிவதே அதிகம். அதற்குள் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது அவசரம். சில இரவுகளில் அவனையே தங்கைக்கு வாசிக்கச் சொல்லுங்கள். நரிக்கு அவன் குரல் மாற்றும் இடத்தில், அவள் ‘இன்னொரு தடவை’ என்பாள்.