தி கர்ட்டிஸ் க்ரீக் மேனிஃபெஸ்டோ

படக்கதை வடிவில் தூண்டில் கையேடு
எழுத்தும் ஓவியமும்: ஷெரிடன் ஆண்டர்சன் (1936–1984)
அமெரிக்கா, 1978

தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப் போலக் கட்டும் பொய் இரைக்கு ‘ஈ’ என்று பெயர். இதற்கு எடை மிகக் குறைவு. கனமான தூண்டில் கயிற்றை வீசினால்தான் இரை தொலைவுக்குப் போகும். இவ்வாறு ஈயை வீசி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கும் கலையைப் புதியவர்களுக்குக் கற்பிக்க ஆண்டர்சன் இந்நூலைக் கேலிச்சித்திரங்களாக வரைந்தார்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். கரையில் அசையும் உருவத்தைக் கண்டதும் ஓடி ஒளியும். ஆகவே மீனின் பின்புறமாக, குனிந்தும் தவழ்ந்தும் அணுக வேண்டும் என்பது நூலின் முதன்மைப் பாடம். மீன் நிற்கும் இடத்தை நீரைப் பார்த்தே அறிதல், தூண்டில் வீசுதல், முடிச்சிடுதல் ஆகியவையும் இதில் படங்களாக உள்ளன.

நிலையான வேலை, வசதியான வீடு என்ற வழக்கமான வாழ்க்கையை ஆண்டர்சன் நாடவில்லை. 1960களில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பாறையேறிகளோடு பழகி, அவர்களைப் பகடி செய்து ‘சம்மிட்’ இதழில் சித்திரங்கள் வரைந்தார். பாறையேறி ராயல் ராபின்ஸ் எழுதிய ‘பேசிக் ராக்கிராஃப்ட்’ (1971) நூலின் ஓவியங்களும் இவருடையவை.

ஆசிரியர் மறைந்த பிறகும் இக்கையேடு மறுபதிப்பு கண்டுவருகிறது.