நோன்பும் சீனி வருத்தமும்: கையில் ஒட்டிய சென்சர் காட்டித் தந்தவை

கடந்த ரமழானில் ஒரு நாள் பிற்பகல் 3.30 மணி இருக்கும். நெடுங்கேணியில் நான் கற்பிக்கும் பாடசாலை மைதானத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் விடுமுறை. நான் இருப்பது தமிழ்ப் பாடசாலை என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் நின்றபடியே, மேல்கையின் பின்புறம் ஒட்டியிருந்த சென்சருக்குக் கிட்ட வாசிப்புக் கருவியைக் கொண்டுபோனேன். 78 என்று காட்டியது. பக்கத்தில் அம்புக்குறி நேரே கீழ்நோக்கி நின்றது.

78 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. பயப்பட வைத்தது அம்புக்குறி. நேரே கீழ்நோக்கிய அம்பு என்றால் சீனி நிமிடத்துக்கு 2 புள்ளிக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். கால் மணித்தியாலத்தில் 30 புள்ளி போய்விடலாம். எனக்கோ மோட்டார் சைக்கிளில் புளியங்குளம் சந்திக்குப் போய், அங்கிருந்து ஏ9 வீதியால் வவுனியா போகவேண்டும்.

விரலில் குத்திப் பார்த்தேன். 64. நோன்பை விட்டேன். சக ஆசிரியர் ஒருவர் தன் பிளாஸ்கில் இருந்த தேநீருக்குச் சீனி கூடப் போட்டுத் தந்தார். தந்துவிட்டு, “சேர், நோன்பெல்லோ? இன்னும் மூண்டு மணித்தியாலம்தானே” என்று தயங்கினார். அவருக்கு அன்று சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்சர் 78 என்றது, விரல் 64 என்றது. இரண்டில் ஒன்று பிழை என்று பலர் நினைப்பார்கள். பிழை இல்லை. விரலில் குத்தினால் இரத்தத்தில் உள்ள சீனியைப் பார்க்கிறோம். சென்சரின் மெல்லிய இழையோ தோலுக்கடியில், கலங்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் சீனியை அளக்கிறது. குளத்தின் துருசைத் திறந்தவுடன் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லையே, அதுபோல இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீருக்கு வந்துசேர 5 முதல் 15 நிமிடம் வரை எடுக்கும். சீனி நிலையாக இருக்கும்போது இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விலகி நிற்கும்.

சீனி குறைந்து இனிப்பு எடுத்த பிறகும் இதை மறக்கக்கூடாது. 15 நிமிடம் கழித்து விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். சென்சரைப் பார்த்தால் அது இன்னும் குறைவு என்றே காட்டும். நாமும் பதறிப்போய்ச் சீனியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம்.

அது ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் வேறும் உண்டு. ஒட்டிய முதல் நாள் கணக்கு அவ்வளவு நம்பகமில்லை. ஓர் இரவு இடக்கையை அழுத்திப் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் 55. மனைவியை எழுப்பிக் கலவரப்படுத்தி, விரலில் குத்தினால் 104. சென்சர் அழுத்தப்பட்டாலும் இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

1999 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் கருவியை 3 நாள்தான் அணியலாம். கணக்கையும் பின்னர் வைத்தியர்தான் பார்ப்பார். விரலில் குத்தி ஒப்பிடாமலே 14 நாள் அணியும் முறை, 2014 இல் ஐரோப்பாவில் அபொட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வந்தபோதுதான் பரவியது. நம் அரச கிளினிக்குகளில் இதைத் தருவதில்லை. சவூதியில் வேலைசெய்யும் என் மைத்துனர் வாசிப்புக் கருவி ஒன்றும் சென்சர் இரண்டும் கொண்டுவந்து தந்தார். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பவர்கள் அலகைக் கவனியுங்கள். சில நாட்டுக் கருவிகள் 5.6 என்பதுபோல் காட்டும். அதை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வரும்.

இரண்டு சென்சரில் ஒன்றை ஒன்பதாம் நாளே வீணாக்கினேன். வியர்வையில் ஓரம் கிளம்பியிருந்ததைப் பார்க்காமல் சேட்டைக் கழற்ற, அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. ஒருமுறை கழன்றால் திரும்ப ஒட்ட முடியாது. ஆசிரியர் சம்பளத்தில் வருடம் முழுக்க இதை அணிவது என்னால் ஆகாத காரியம். ஆனால் அந்த 23 நாளில் கற்றது இன்னும் பயன்படுகிறது.

கிளினிக்கில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு எனக்கு எப்போதும் ஓரளவு நன்றாகவே இருக்கும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி மட்டும் கூடியே இருந்தது. காரணம் விளங்கவில்லை. சென்சரில் விளங்கியது. ஸஹருக்கு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் காலை 6.30 அளவில் 260 ஐத் தாண்டியது, லுஹருக்குப் பிறகு மளமளவென்று இறங்கியது. சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் முட்டையும் சேர்த்தபோது ஏற்றம் 200 க்குள் நின்றது, இறக்கமும் மெதுவானது. இப்தாரில் நோன்புக் கஞ்சியை நான் சந்தேகித்திருந்தேன். உண்மையான குற்றவாளி சர்பத். இது என் உடம்பின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம். இப்போது சென்சர் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் விரலைக் குத்த வேண்டும் என்று தெரியும்.

குத்துவதில்தான் நம் மக்களுக்குத் தயக்கம். இரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று மாலை வரை பார்க்காமலே இருப்பவர்களை நான் அறிவேன். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நோன்பை முறிக்காதவை என்று அறிவித்த பட்டியலில் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் இருக்கிறது. சென்சர் முழங்கைக்கு மேலே இருப்பதால் வுழூவில் கழுவும் இடம் மறைவதில்லை. கடமையான குளிப்பைப் பற்றி உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

13 நாடுகளில் 12,000 க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001 இல் நடத்திய எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி ஆபத்தாகக் குறைவது ரமழானில் 7.5 மடங்கு கூடியிருந்தது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டல் சொல்வது இதுதான்: 70 க்குக் குறைந்தால் அல்லது 300 ஐத் தாண்டினால் நோன்பை விடவேண்டும். நோன்புக்கு 6 முதல் 8 வாரம் முன்பே வைத்தியரைக் கண்டு, குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் போனது ரமழானுக்கு நான்கு நாள் முன்னர். அந்த 64 இல் என் பங்கும் உண்டு.

அன்று மஃரிபுக்குப் பள்ளிவாசல் போய், நோன்பை விட்டதை மறைக்காமல் சொன்னேன். “மூணு மணித்தியாலம் பொறுத்திருக்கலாமே தம்பி” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகை சூரா அல்பகராவிலேயே இருக்கிறது என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட அவர் ஓதியவர். விட்ட நோன்பை ஷவ்வாலில் கழாச் செய்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தராவீஹ் முடிந்து செருப்பைத் தேடும்போது அதே பெரியவர் என் கையைப் பிடித்தார். “அந்த மெஷினில எனக்கும் ஒருக்காப் பாருங்க.” சென்சரை அடுத்தவருக்கு மாற்ற முடியாது என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்த விரல் கருவியில் புது ஊசி போட்டுக் குத்தினேன். 312 காட்டியது. கடைசியாகக் கிளினிக் போனது எப்போது என்று கேட்டேன். கோவிட்டுக்கு முன்னர் என்றார். வரும் கிளினிக் நாளில் அவரை மோட்டார் சைக்கிளில் நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.