விடாத ஃபோர் வீல் கியர்

மட்டாஞ்சேரி பஜார் சாலை குறுகலான சாலை. ஒரு பக்கம் அரிசிக் கடைகள். மறுபக்கம் மிளகும் சுக்கும் ஏலக்காயும் அடுக்கிய கிட்டங்கிகள். விடியும் முன்பே சரக்கு வண்டிகள் வந்து வரிசையாக நிற்கும். அவற்றில் ஒரு பிக்கப் வண்டி. அது அரிசியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும். திரும்பும்போது ஏலக்காய் மூட்டையோடு வரும்.

வண்டியில் இரண்டு பேர். ஒருவர் டிரைவர். இன்னொருவன் கிளீனர் பையன்.

அது ஆடி மாதம். மலையில் விடாத மழை. கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வழியில் நேரியமங்கலத்தில் பெரியாற்றுப் பாலம் வரும். 1935-ல் திறந்த பழைய பாலம் அது. பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அடிமாலி, மூணாறு, தேவிகுளம் எல்லாம் கடந்து பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்கு வண்டி போனது. தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறு. டிரைவர் ஃபோர் வீல் கியரைப் போட்டார். வண்டி சறுக்காமல் ஏறியது. சரக்கை இறக்கினார்கள். ஏலக்காயை ஏற்றினார்கள். கீழே இறங்கித் தார் ரோட்டுக்கு வந்தார்கள்.

மழை விட்டிருந்தது. ரோடு காய்ந்திருந்தது. டிரைவர் ஃபோர் வீல் கியரை எடுக்க மறந்துவிட்டார். நான்கைந்து வளைவுகள் போனதும் ஸ்டியரிங் கல் போல இறுகியது. திருப்பினால் டயர் கிறீச்சிட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி முக்கியது.

"அண்ணே, பிரேக்கு பிடிச்சிருக்கா?" என்றான் பையன்.

"இல்லடா. ஃபோர் வீல்ல நிக்குது" என்றார் டிரைவர். கியர்க் கம்பியை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. பையன் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான், ஓர் அடி போடலாம் என்று.

அந்த நேரத்தில் போடிப் பக்கத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப். ஓட்டுபவருக்கு அறுபது வயது இருக்கும்.

"தம்பி, அடிக்காதீங்க. உடைஞ்சா பத்தாயிரம் இருபதாயிரம்னு போயிரும்" என்றார். "ஸ்டியரிங்க நேரா வைங்க. ரிவர்ஸ் போட்டு மெதுவா ஒரு அஞ்சடி பத்தடி பின்னால எடுங்க. எடுக்கும்போதே கம்பிய லேசா இழுங்க. பலமா வேண்டாம்."

பையன் பின்னால் நின்று வழி பார்த்தான். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. "டக்" என்று ஒரு சத்தம். கம்பி தானாக வந்து விழுந்தது. ஸ்டியரிங் பழையபடி இலகுவானது.

அடித்தால் வராத கியர், பின்னால் எடுத்தால் ஏன் வந்தது?

சூடடிக்கும் களத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு முளைக்கம்பு. மாடுகளைப் பிணைத்துச் சுற்றிவரச் செய்வார்கள். உள்பக்க மாடு கொஞ்ச தூரம்தான் நடக்கும். வெளிப்பக்க மாடு அதிக தூரம் நடக்கும். இரண்டும் ஒரே அளவு நடந்தால் சுற்ற முடியுமா? முடியாது.

வண்டி வளையும்போதும் இதே கதைதான். முன் சக்கரம் வெளியே சுற்றி வரும். பின் சக்கரம் உள்ளே ஒடித்து வரும். ஈரத் தரையில் ஒரு வண்டி வளைந்து போன தடத்தைப் பார்த்தால் இது தெரியும். முன் சக்கரத்தின் தடமும் பின் சக்கரத்தின் தடமும் வேறு வேறாக இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று வையுங்கள். வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் அரை வட்டம் திரும்புகிறது. பின் சக்கரங்கள் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் அவை ஓடும் தூரம் ஏறத்தாழ 19 மீட்டர். முன் சக்கரங்கள் ஓடும் தூரம் 21 மீட்டர். இரண்டு மீட்டர் வித்தியாசம். டயர் ஒரு முழுச் சுற்று சுற்றும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சாதாரணமாகப் பின் சக்கரங்களை மட்டுமே என்ஜின் சுழற்றும். முன் சக்கரங்கள் தம் விருப்பப்படி உருளும். அதனால் தொல்லை இல்லை. ஃபோர் வீல் போட்டதும் என்ன ஆகிறது? கியர்ப் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் பெட்டி என்று இன்னொரு பெட்டி உண்டு. அதிலிருந்து ஒரு தண்டு முன்னாலும் ஒரு தண்டு பின்னாலும் போகும். ஃபோர் வீல் போட்டால் இந்த இரண்டு தண்டுகளையும் பல் வைத்த ஒரு வளையம் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஆனால் முன் சக்கரம் இரண்டு மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். எப்படி ஓடும்?

சேற்றில் டயர் சறுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் சறுக்காது. ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தண்டுகள் கயிறு போல முறுக்கேறும். முறுக்கேறியதும் அந்த வளையத்தின் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பாரம் தொங்கும் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியுமா? பாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால்தான் முடிச்சு இளகும். வண்டியைப் பின்னால் எடுப்பது அப்படித்தான். விசை எதிர்ப்பக்கம் திரும்பும்போது பற்களின் நெருக்கம் ஒரு நொடி விடும். அந்த நொடியில் கம்பி வந்துவிடும்.

வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு போனால் முறுக்கு நேராகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் சக்கரம்தான் அதிகம் ஓடுகிறது. முறுக்கு ஒரே திசையில்தான் ஏறும். போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வளைவுக்கு ஒரு மீட்டர் வித்தியாசம் என்று குறைத்து வைத்தாலும் 17 மீட்டர். அவ்வளவும் டயரைத் தேய்த்துத்தான் தீர வேண்டும். டயர் தேயவில்லை என்றால் உள்ளே ஏதாவது உடையும்.

பின்னால் எடுத்தும் கியர் வரவில்லை என்றால்?

ரோட்டோரம் மண்ணோ சரளையோ ஈரப் புல்லோ இருக்கும் சமமான இடத்துக்கு மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். அங்கே நேராக முன்னும் பின்னும் சில முறை நகர்த்தினால் டயர் சறுக்கி முறுக்கு இறங்கும். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

சில வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பும் ஒரு குமிழ் இருக்கும். அதை 'ஃப்ரீ' என்ற பக்கம் திருப்பினால் முன் சக்கரம் தனியாக உருளும். இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு ஓட்டக் கூடாது.

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினாலும் முறுக்கு விடும். ஆனால் தரையை விட்டு எழும்பும்போது அந்தச் சக்கரம் திடீரென்று சுழலும். கை அருகில் இருக்கக் கூடாது. இது நல்ல சமதரையில் மட்டும் செய்யக்கூடிய வேலை. மலைச் சரிவில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொரு ஆபத்து உண்டு. பல டிரைவர்களுக்கே இது தெரிவதில்லை. அந்தக் கம்பியின் தலையில் 2 எச், 4 எச், என், 4 எல் என்று எழுதியிருக்கும். 2 எச் என்றால் இரண்டு சக்கர ஓட்டம். 4 எச் என்றால் நான்கு சக்கர ஓட்டம். 4 எல் என்றால் நான்கு சக்கரத்தோடு மிக மெதுவான, பலமான ஓட்டம். என் என்பது நியூட்ரல். கம்பியை இழுத்துத் தள்ளும்போது அது நியூட்ரலில் நின்றுவிடலாம். அப்போது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கியரில்தானே நிற்கிறது என்று நம்பி இறங்கினால் வண்டி சரிவில் ஓடிவிடும். அதனால் முதலில் ஹேண்ட் பிரேக். பிறகு சக்கரத்துக்குக் கல். அதன் பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். பின்னால் எடுக்கும்போது மட்டும் கல்லை எடுக்கலாம். அப்போதும் கால் பிரேக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வளைவில் நிறுத்தவே கூடாது. வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கிளையாவது வைக்க வேண்டும்.

இப்போது வரும் வண்டிகளில் கம்பிக்குப் பதில் சுவிட்ச் இருக்கிறது. ஒரு சிறு மோட்டாரோ காற்றுக் குழாயோ வேலையைச் செய்கிறது. அதில் விளக்கு அணையாமல் இருந்தால் வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் வைத்து, சுவிட்சை மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும். உடனே மாறாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஃபியூஸ் போயிருக்கலாம். சேற்றில் குழாய் கழன்றிருக்கலாம். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் நேராகப் பின்னால் எடுத்தால்தான் முன் சக்கரப் பூட்டு திறக்கும். எந்த வண்டிக்கு எது என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கிறது.

எதற்கும் வரவில்லை என்றால் மெக்கானிக் வர வேண்டியதுதான். 4 எச்-ல் நின்றிருந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மிக மெதுவாக ஓட்டிப் போகலாம். இழுத்துப் போவதானால் வண்டியை முழுதாகத் தூக்கி ஏற்ற வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்கக் கூடாது. தரையில் ஓடும் பின் சக்கரம் தூக்கிய சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றும்.

இந்தக் கியர் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்தார்கள். அவற்றில் இருந்ததும் இதே ஏற்பாடுதான். போருக்குப் பிறகு ஜீப் நம் மலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அதனால்தான் தோட்டத்து ஜீப்காரர்களுக்கு இந்த வித்தை கைவந்த கலை. தினமும் போடுகிறார்கள், தினமும் எடுக்கிறார்கள்.

மட்டாஞ்சேரி வண்டிக்கு அப்படி இல்லை. ஊர் சமதரை. வருஷத்தில் பத்து நாள்கூட ஃபோர் வீல் தேவைப்படாது. ஆனால் கடல் காற்று உண்டு. பெரிய வேலியேற்றம் வரும் நாட்களில் காயல் உப்புத் தண்ணீர் தெருவுக்குள் ஏறும். வண்டி அதில்தான் நிற்கும், அதில்தான் ஓடும். கியர்க் கம்பியைப் பெட்டியோடு இணைக்கும் முளைகள் துருப்பிடிக்கும். ஆகவே மாதம் ஒரு முறையாவது மண் தரையில் நேராகச் சிறிது தூரம் ஃபோர் வீல் போட்டு எடுக்க வேண்டும். முளைகளுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

டயரிலும் கவனம் வேண்டும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் போட்டு ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. டயரின் தடிப்பில் 5 மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு சுற்றுக்கு 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 மீட்டர். நேர் ரோட்டிலேயே முறுக்கேறிவிடும்.

அந்தப் பிக்கப் இரவு பத்து மணிக்குப் பஜார் சாலை வந்து சேர்ந்தது. ஏலக்காய் மூட்டைகள் நனையாமல் இறங்கின. மறுநாள் காலை பையன் வண்டிக்கு அடியில் படுத்து முளைகளைப் பார்த்தான். நான்கில் இரண்டு துருவேறி இருந்தன. உப்புத் தாளால் தேய்த்துக் கிரீஸ் வைத்தான். டிரைவர் முன் டயர்களைக் கையால் தடவிப் பார்த்தார். ஓரத்தில் சீவியது போலத் தேய்ந்திருந்தது. நான்கைந்து வளைவுகளுக்கே அவ்வளவு.