உங்களுக்குத் தெரியுமா? நம் முகம், நம் இருட்டு, நம் உருமி: விலை உயர்ந்த டிவியைச் சோதிக்க

ஜொகூரின் தெப்ராவ் பேரங்காடியாகட்டும், உலு திராம் கடைத்தெருவாகட்டும், சுவர் நிறைய ஓடும் டிவிகள் பெரும்பாலும் ‘கடை முறை’யில்தான் ஓடுகின்றன. வெளிச்சம் உச்சத்தில், நிறம் தூக்கலாக, வெள்ளையில் நீலம் கலந்து இருக்கும். பளிச்சென்று விளக்கெரியும் கூடத்தில் பத்து டிவிகளுக்கு நடுவே கண்ணைப் பிடிக்க வேண்டுமே! ரிமோட்டை வாங்கி நீங்கள் குறைத்தாலும், சில மாடல்கள் சில நிமிடங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஓடும் காட்சியும் கிளி, பவளப்பாறை, பழக்கூடை என்றுதான் இருக்கும். அந்தக் கிளியின் அசல் நிறம் நம்மில் யாருக்குத் தெரியும்? மனித முகம் தெரியும். “வீட்டு முறைக்கு மாற்றுங்கள், தமிழ்ப் படம் ஒன்று போடுங்கள்” என்று கேளுங்கள். ஐயாயிரம் வெள்ளி கொடுக்கப் போகிறவர் தயங்காமல் கேட்கலாம்.

●

முகத்தை வைத்துச் சோதிக்கச் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் புகைப்படக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். முதலில் நின்றவரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ ஆனது. அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பதே பல பத்தாண்டுகளுக்கு அளவுகோல். மாநிறமும் கறுப்பும் படத்தில் சேறாகப் போனதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பல நிறத்தவரையும் சேர்த்த அட்டை 1990களில்தான் வந்தது.

இன்றைய டிவியின் ‘பளிச்’ முறை வேறொரு தவறு செய்கிறது. மாநிறத்தைச் செங்கல் நிறமாக்குகிறது. சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த ‘தளபதி’ (1991) போன்ற படத்தின் நல்ல பிரதியைப் போட்டுப் பாருங்கள். நெற்றி, கன்னம், கண்ணுக்குக் கீழ் என்று மூன்று இடத்திலும் நிறம் சற்றே மாறித் தெரிந்தால் டிவி நல்லது. முகம் முழுக்க ஒரே பூச்சாகத் தெரிந்தால், என்ன பிராண்டாக இருந்தாலும் வேண்டாம்.

●

ஸ்டூடியோக்களில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு சுமார் 6,500 கெல்வின். டிவியில் ‘வார்ம்’ என்று எழுதியிருப்பதுதான் இதற்கு நெருக்கமானது. முதல் நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். சில நாளில் கண் பழகிவிடும், பிறகு பழைய முறைதான் நீலமாகத் தெரியும்.

●

‘பிரீமியம்’ என்ற சொல்லுக்கு எண்களால் ஆன இலக்கணம் உண்டு. 2016 ஜனவரியில் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ‘அல்ட்ரா எச்டி பிரீமியம்’ முத்திரைக்கு இரண்டு வழிகள் வகுத்தது. ஒன்று, உச்ச வெளிச்சம் 1,000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), கறுப்பு 0.05 நிட்டுக்கு மேல் போகக்கூடாது. மற்றது, வெளிச்சம் 540 நிட் போதும், ஆனால் கறுப்பு 0.0005 நிட்டுக்குள் அடங்க வேண்டும். முதலாவது எல்சிடி வகைக்கும், இரண்டாவது ஓலெட் வகைக்கும் பொருந்தியது. வகுத்துப் பாருங்கள்: முதல் வழியில் வெளிச்சம் கறுப்பைப்போல் 20,000 மடங்கு, இரண்டாவதில் 10,80,000 மடங்கு. வெளிச்சம் பாதியாக இருந்தும் ஓலெட் படம் ஆழமாகத் தெரிவதன் காரணம் இந்தக் கறுப்பில் இருக்கிறது.

ஆனால் நம் வரிசை வீடுகளில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி பக்கத்தில் ஆண்டு முழுதும் வெயில். பகலில் தாத்தா பாட்டி சீரியல் பார்க்கும் வீடாக இருந்தால் வெளிச்சம் கூடிய மினி எல்இடி (இதுவும் எல்சிடி வகைதான்) வாங்குங்கள். இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஓலெட். இரண்டுக்கும் ஒன்றே சிறந்தது என்று சொல்லும் விற்பனையாளரை நான் நம்பமாட்டேன்.

●

கறுப்பைச் சோதிக்க ஒரு தமிழ்ப் படம் போதும்: ‘குருதிப்புனல்’ (1995). பி.சி.ஸ்ரீராம் இயக்கி, அவரே ஒளிப்பதிவும் செய்த படம். பாதி முகம் நிழலில் இருக்கும் காட்சிகளில், நிழலுக்குள் சட்டை மடிப்பும் சுவரும் மங்கலாகவாவது தெரிய வேண்டும். எல்லாம் ஒரே மையாகக் கலந்தால் விவரம் போய்விட்டது. சாம்பல் புகை படர்ந்தால் பின்விளக்கு கசிகிறது. இந்தியாவில் டால்பி ஸ்டீரியோ ஒலியில் வந்த முதல் படங்களில் ஒன்றாகவும் இது சொல்லப்படுகிறது. பாட்டே கிடையாது, முழுக்கப் பேச்சும் மௌனமும். படத்துக்கும் ஒலிக்கும் ஒரே சோதனைத் தாள்.

●

பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று சாதாரண ஒளிபரப்பில் வரும்போது அதில் இருப்பது 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு! திரை முழுவதும் படம் நிறைந்தால், இருபதில் பத்தொன்பது பங்கை டிவியின் சில்லு தானே ஊகித்து நிரப்புகிறது. விலை உயர்ந்த டிவிக்கும் மலிவானதற்கும் இடையே நாம் தினமும் உணரும் பெரிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. கடையில் 4கே காட்சியைவிடப் பழைய பாட்டைப் போட்டுப் பார்ப்பதே சரியான தேர்வு. முகம் மெழுகு பூசியதுபோல் வழவழத்தால் அந்தச் சில்லு போதாது.

●

65 அங்குலத் திரையிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தால், ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தையே சராசரிக் கண் பிரித்தறியாது. 8கேக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

●

சினிமா நொடிக்கு 24 படம். டிவி இடையில் தானே படங்களைப் புனைந்து சேர்த்தால் ரஜினி படமும் மத்தியானச் சீரியல் போல வழுக்கிக்கொண்டு ஓடும். இதை எதிர்த்து மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் போன்ற இயக்குநர்களின் ஆதரவோடு 2019இல் பிறந்ததுதான் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’. உங்கள் டிவியில் இருந்தால் படத்துக்கு அதைப் போடுங்கள். பந்து விளையாட்டுக்கு வேண்டாம்.

●

உலு திராமுக்கு ஒரு வசதி உண்டு. மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் 654 மீட்டர் உயரக் குனோங் பூலாய், அங்கே மலேசிய ஒளிபரப்புக் கோபுரம். தெற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் கோபுரம், அங்கிருந்து வசந்தம் தமிழ் அலைவரிசை. இரு நாடுகளும் ஒரே டிஜிட்டல் முறையைப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூர் 2019 பிறக்கும்போதும், மலேசியா அதே ஆண்டு அக்டோபர் இறுதியிலும் பழைய அனலாக்கை நிறுத்தின. டிஜிட்டலில் புள்ளிமழை கிடையாது. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் டிவியைக் குறை சொல்லுமுன் ஏரியலின் திசையைப் பாருங்கள்.

●

இனி ஒலி. தைப்பூசத்தில் உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு கருவியே தேவையில்லை. உருமியை வளைகுச்சியால் தேய்க்கும்போது எழும் ‘ஊம்ம்’ என்ற இழுப்பு வயிற்றில் இறங்க வேண்டும். விரலளவு தடிமன் உள்ள டிவியில் காற்றைத் தள்ள இடமில்லை. ஒலிபெருக்கி கீழேயோ பின்னாலோ பார்த்து இருக்கும். அதனால் உருமி வெறும் ‘டக் டக்’காகிவிடும். சோனி 2017இல் ஏ1 ஓலெட்டில் திரைக் கண்ணாடியையே அதிர வைத்துப் பேச்சை வாயிலிருந்தே வரச் செய்தது. பேச்சுக்கு அருமையான வழி, ஆனால் அடித்தாளத்துக்குத் தனி ஊஃபர் வேண்டியே இருந்தது.

பேச்சின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கிறது. தமிழ்ச் செய்தி ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘பழம்’, ‘பள்ளம்’, ‘பல்’ மூன்றும் பிரிந்து கேட்கிறதா? ஒலியைக் கூட்டினால்தான் புரிகிறது என்றால் சவுண்ட்பார் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதற்குமுன் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு கைதட்டல். சத்தம் ‘ட்ரிங்’ என்று சுற்றினால் பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும்தான் காரணம். ஒரு பாய், கனமான திரைச்சீலை, சில நூறு வெள்ளி மிச்சம்.

●

டால்பி அட்மோஸ் என்ற சூழொலி முறை 2012இல் ‘பிரேவ்’ படத்தோடு உலகத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்பு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இணையத்தில் பார்க்கும் படங்களின் அட்மோஸ் ஒலியை டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு அனுப்பச் சாதாரண ‘ஆர்க்’ எச்டிஎம்ஐ துளையே போதும். ‘ஈ-ஆர்க்’ அவசியமாவது ப்ளூரே தட்டின் தரம் குறையாத ஒலிக்குத்தான்.

●

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை எடுத்துப் போங்கள். அந்தப் பட்டுச்சேலையின் நிறம் உங்களுக்குத் தெரியும், அம்மாவின் குரலும் தெரியும். அதைப் போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.