சமோவாவின் 'உமு' அடுப்பு

நாம் வறுவலாகவும் புளிக்குழம்பாகவும் உண்ணும் சேப்பங்கிழங்கு, பசிபிக் பெருங்கடலிலுள்ள சமோவாத் தீவுகளில் சோற்றுக்கு ஈடான உணவாகும். 'தாலோ' என்பது அங்கு அதன் பெயர். நம்மூர்க் கிழங்கைவிடப் பன்மடங்கு பெரியது. ஆயினும் தாவர இனம் ஒன்றே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு இளைஞர்கள் 'உமு' மூட்டுவர். (சமையல் பெண்களுக்கே உரியது என்றிருக்கும் நண்பர்கள் கவனிக்க!) இதற்கு ஆழமான குழி வேண்டுவதில்லை. தரையில் விறகடுக்கி, அதன்மேல் எரிமலைக் கற்களைக் குவித்துத் தீயிடுவர். கற்கள் நன்கு காய்ந்ததும் கொள்ளிகளை அகற்றி, கற்களைப் பரப்பி, தோல் சீவிய கிழங்கு, வாழைக்காய், சீமைப்பலா, மீன் ஆகியவற்றை அடுக்குவர். மேலே வாழையிலைகளைப் பல அடுக்காகப் போர்த்தினால் ஆவி உள்ளேயே நிற்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும்.

கிழங்குக்குத் துணை 'பலுசாமி'. பெயரைக் கேட்டால் யாரோ நம்மூர்ப் பெரியவர் என்று தோன்றும். அவர்கள் மொழியிலோ 'சாமி' என்றால் கடல்! இளம் சேம்பிலைகளை உள்ளங்கையில் கிண்ணம்போல் குவித்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் உப்பும் இட்டு மடித்து, வாழையிலையில் பொதிந்து கற்கள்மேல் வைப்பர்.

இதில் அவசரம் கூடாது. சேம்பின் இலையிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற படிகங்கள் உள்ளன. அரைவேக்காட்டில் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். நாம் புளியைத் துணைக்கு அழைக்கிறோம். அவர்கள் கல்லின் சூட்டையே நம்புகின்றனர்.

இந்த உணவுக்கே 1993இல் ஆபத்து வந்தது. ஈர இலையில் பரவும் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி அன்றைய மேற்குச் சமோவாவில் நுழைந்தது. இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, விரிந்து, இலை முழுதும் அழுகியது. இலை போனால் பலுசாமி இல்லை. இலையின்றிக் கிழங்கும் பருக்காது. ஏற்றுமதிக்காகப் பெரும்பாலோர் 'நியூயே' என்னும் ஒரே ரகத்தைப் பயிரிட்டிருந்தனர். சேம்பு விதையால் அன்றித் தண்டின் அடியை நட்டே பெருக்கப்படுவதால், தாய்க்கு இல்லாத எதிர்ப்புச் சக்தி எந்தக் கன்றுக்கும் இல்லை. நாட்டுக்குப் பெரும் வருவாய் தந்த ஏற்றுமதி அடியோடு சரிந்தது. நியூசிலாந்துச் சந்தையைப் பிஜி பிடித்துக்கொண்டது.

பின்னர் அலபுவாவிலுள்ள தென்பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தைச் சார்ந்த ஆய்வாளர்களும் உழவர்களும் சேர்ந்து, பலாவு முதலிய தீவுகளின் ரகங்களையும் ஆசிய ரகங்களையும் கலந்து, நோய் தாங்கும் புதிய ரகங்களை உருவாக்கினர். தேர்வில் உழவர்களுக்கும் இடமிருந்தது. நோயைத் தாங்குவது மட்டும் போதவில்லை. வேகவைத்துத் தின்று பார்த்துச் சுவையும் பதமும் பிடித்தால்தான் அந்த ரகம் அவர்கள் தோட்டத்துக்குப் போயிற்று.