அழுகை காதில் விழாத அம்மா

ஐந்தரை மாதப் பெண் குழந்தை வீறிட்டு அழுகிறது. அம்மா அதைக் கையில்தான் வைத்திருக்கிறார். ஆனால் பிடியில் அணைப்பு இல்லை. பார்வை எங்கோ தொலைவில் நிலைகுத்தி நிற்கிறது. அழுகை அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. 1970-களின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் நகரில் வீடியோவில் பதிவான காட்சி இது.

கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த குழுவின் தலைவி செல்மா ஃப்ரைபர்க் அப்படிப் போகவில்லை. பிள்ளையின் அழுகை இவருக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தப் பெண்ணின் கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவர் பிறந்த பிறகு அவருடைய அம்மா பிரசவத்தையொட்டி வரும் மனநோயால் பாதிக்கப்பட்டு, தற்கொலைக்கு முயன்றார்; உயிர் பிழைத்தாலும் மகளை வளர்க்க முடியவில்லை. மகள் உறவினர் வீடுகளில் கைமாறிக் கைமாறி வளர்ந்தார். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள் நம் வீடுகளில். அழுகைக்குக் காதுகொடுக்க ஒருவர் இருந்தால்தானே அந்தப் பழமொழி பலிக்கும்?

குழுவைச் சேர்ந்த எட்னா அடெல்சன் வீட்டுக்கே போய் அவரிடம் பேசினார். பிள்ளை வளர்ப்புப் பாடம் எடுப்பதைவிட, அவருடைய பழைய வலியைக் கேட்பதுதான் முதல் வேலையாக இருந்தது. தனக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண் வாய்விட்டு அழுதார். அப்படி அழுத நாட்களில்தான் அது நடந்தது: யாரும் சொல்லாமலேயே மகளை அள்ளி மார்போடு அணைத்தார், தாலாட்டினார். ஃப்ரைபர்க் 1975-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, பெற்றோரின் கடந்த காலத்தைக் குழந்தையின் அறைக்குள் நுழையும் ஆவிகள் என்று வர்ணித்தார்.

ஒரு வீட்டில் கண்டதைப் பின்னாளில் எண்ணிக்கையாகவும் அளந்தார்கள். அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், பெற்றோரின் பிரிவு போன்றவற்றைப் பட்டியலிட்டு, 18 வயதுக்குள் இவற்றில் எத்தனை நேர்ந்தன என்று கேட்கும் முறையை 1998-இல் ஃபெலிட்டி, அண்டா ஆகிய மருத்துவர்கள் பிரபலமாக்கினார்கள். 2018-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் அதே கேள்விகளோடு பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கொடுமைகளைச் சந்தித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு மனநலச் சிக்கல் இருக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. அதீதத் துறுதுறுப்புக்கு இரண்டு மடங்கு. தாயின் அனுபவத்துக்குத் தந்தையின் அனுபவத்தைவிட இதில் தொடர்பு அதிகம். இதைப் படித்து எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளக் கூடாது. வாய்ப்பு என்பது தலையெழுத்து அல்ல.

ஆனால் பெற்றோரின் பாதிப்பு பிள்ளைக்கு எந்த வழியாகக் கடத்தப்படுகிறது? மரபணுவில் அச்சாகிவிடுகிறது என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. மனிதர்களில் அதற்கான சான்று இன்னும் மெலிந்ததே. எலிகளில் விஷயம் தெளிவாக இருக்கிறது. குட்டிகளை நன்றாக நக்கிக்கொடுக்கும் தாய் எலிகளும் உண்டு, அவ்வளவாக நக்காதவையும் உண்டு. கனடாவில் மைக்கேல் மீனி குழுவினர் பிறந்த உடனே குட்டிகளை இடம் மாற்றி வைத்தார்கள். அதிகம் நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்த பெண் குட்டி, யாருக்குப் பிறந்திருந்தாலும், பயம் குறைந்து வளர்ந்தது. பின்னால் தன் குட்டிகளையும் அப்படியே நக்கிக்கொடுத்தது. 1999-இல் வெளிவந்த ஆய்வு இது. பிறப்பைவிட வளர்ப்பே அங்கே வழிகாட்டியது.

எலிக்கு வாய் பேச வராது. மனிதர்களிடம் சொல் இருக்கிறது. லண்டனில் பீட்டர் ஃபோனகியும் ஸ்டீல் தம்பதியரும் கர்ப்பிணிகளிடம் அவர்களுடைய சொந்தக் குழந்தைப் பருவம் பற்றி விரிவாகக் கேட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும், அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பும்போது அது என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். பிறப்பதற்கு முன்பே எடுத்த பேட்டியை வைத்து, குழந்தைக்கு அம்மாவிடம் பாதுகாப்பான பிணைப்பு இருக்குமா என்பதைச் சுமார் 75 சதவீதம் பேரில் சரியாகக் கணிக்க முடிந்தது. 1991-இல் வெளியான அந்த ஆய்வில் எடைபோடப்பட்டது, அம்மா எவ்வளவு துன்பப்பட்டார் என்பதை அல்ல. அதை எப்படிச் சொன்னார் என்பதை. பட்டதை மறைக்காமல், அதில் மூழ்கியும் போகாமல், கோவையாகச் சொல்ல முடிந்தவர்கள் இருந்தார்கள். கதவு திறந்து அத்தகைய அம்மா உள்ளே வந்தபோது, பெரும்பாலும் குழந்தை தவழ்ந்து வந்து கைகளைத் தூக்கியது.